குளத்தில் விட்ட செடி

புரட்டாசி 22, ஞாயிறு

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன மார்கழிக்கு அடுத்த வருஷம் அது. தை மாதம் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். பெரிய பையன்கள் தார்ச்சட்டியும் கையுமாக ரயில் நிலையப் பலகைகளைத் தேடித் திரிந்தார்கள். ரேஷன் கடையில் அரிசி இல்லை, மைலோச் சோளம் போட்டார்கள். புரட்டாசியில் வடக்கே சண்டை. அந்த வருஷம்தான் எங்கள் செங்கக்குறிச்சிப் பெரியகுளத்தில் அமலைச்செடி முதலில் முகம் காட்டியது. ஆகாயத்தாமரை என்று புத்தகத்தில் இருக்குமாம். ஊதாப் பூ. யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று தெரியாது.

இப்படித் தொடங்குங்கள் என்றேன். டீச்சர் எழுதிக்கொண்டார்.

நான் மாசானம். எண்பது வயது. கைநாட்டு. எங்கள் அப்பா, தாத்தா, நான் எல்லோரும் பெரியகுளத்து மடைக்காரர்கள், அதாவது மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிறவர்கள். குளத்தைத் தூர்வாரக் கேட்டுப் பாசன சங்கத்தார் மனுப் போடப் போகிறார்கள். பழைய வரலாறு வேண்டுமாம். அன்றன்றைய நீர்மட்டத்தையும் பழைய ஞாபகத்தையும் நான் சொல்ல, அடுத்த வீட்டுப் பிரம்மசக்தி டீச்சர் எழுத வேண்டும் என்று ஏற்பாடு. என் பேச்சை டீச்சர் எழுத்துத் தமிழாக்கிவிடுகிறார். ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டதை மட்டும் வாயில் வந்தபடியே போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருஷம். கல்யாணம் ஆகவில்லை. என் சிநேகிதன் கொம்பையாவின் தங்கச்சி. கொம்பையா இந்தக் குளத்தில் போனவன். பெண் தர மாட்டோம் என்று சொன்னதால் விழுந்துவிட்டான் என்று ஊரில் பேச்சு. அதையெல்லாம் எழுத வேண்டாம் என்றேன். எழுதிவிட்டார்.

இன்று நீர்: மடைச்சுவரில் மூன்றாம் படி.

புரட்டாசி 25, புதன்

மூன்றாம் படி. மழை இல்லை.

மருமகள் சண்முகக்கனி முற்றத்தில் இன்னும் இரண்டு சிமெண்டுத் தொட்டி இறக்கியிருக்கிறாள். மகன் திருப்பூரில் சாயப்பட்டறையில் இருக்கிறான். இங்கே இவளுக்குச் செடிதான் பேச்சுத்துணை. அல்லி, தாமரை, இன்னும் பெயர் தெரியாத கொடிகள். போனில் படம் பிடித்துப் போடுகிறாள், தூத்துக்குடியிலிருந்தெல்லாம் ஆள் வந்து வாங்கிப் போகிறார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் இன்று இறக்கிய தொட்டியில் அமலை.

"இத எதுக்குட்டி கொண்டாந்த?" என்றேன்.

"பூவப் பாத்தியளா மாமா, மயிலு கழுத்து மாதிரி. எல்லாரும் இதத்தான் கேக்காவ."

"குளத்தத் தின்னுபோடும்."

"தொட்டியில கெடக்குதது குளத்துக்கு எப்படிப் போவும்? காலு இருக்கா அதுக்கு?"

எங்கள் முற்றத்துத் தண்ணீர் வாறுகால் வழியாக ஓடையில் விழுந்து குளத்துக்குப் போகிறது. அவளுக்கும் தெரியும்.

புரட்டாசி 28, சனி

டீச்சரும் மருமகள் பக்கம். அவர் வீட்டிலும் ஒரு தொட்டி நிறைய அமலை வைத்திருக்கிறார். கனி கொடுத்ததுதான். எங்கள் முற்றத்துக்குக் கொண்டுவருமுன்பே, ஆடியிலேயே வாங்கிக் கொடுத்தாளாம். எனக்கு இன்றுதான் தெரிந்தது.

"அண்ணாச்சி, மொளகா எங்க உள்ளது? தக்காளி எங்க உள்ளது? எல்லாம் கப்பலேறி வந்ததுதான். வெளிய இருந்து வந்தத எல்லாம் பிடுங்கிப் போட்டா ஒங்க சாம்பார்ல தண்ணிதான் மிஞ்சும்" என்று சிரித்தார்.

"மொளகா மடைய அடைக்காது டீச்சர்."

"அழுக்குத் தண்ணியச் சுத்தம் பண்ணுத செடியாக்கும் இது. பள்ளிக்கூடத்துல நானே பாடம் நடத்திருக்கேன்."

வந்தது தப்பில்லை, வந்த இடத்தில் அடங்காததுதான் தப்பு என்று நான் சொன்னதை அவர் எழுதிக்கொண்டே, "இது மனுசனுக்குல்லா சொல்லணும்" என்றார். அதையும் எழுதினார். படித்தவர்களோடு வாதாடினால் இப்படித்தான். எழுதுகோல் அவர்கள் கையில்.

ஐப்பசி 3, வியாழன்

நான்காம் படி. இரண்டு நாளாக மழை. தொட்டியெல்லாம் விளிம்பு தட்டி நிற்கிறது. நான் ஒரு தொட்டியைக் கிழக்கே சாய்த்து வைத்தேன், வழிந்தால் ஓடைப் பக்கம் போகாமல் இருக்கட்டும் என்று. கனி வந்து நிமிர்த்தி வைத்தாள். மறுபடி சாய்த்தேன். மறுபடி நிமிர்த்தினாள்.

ஐப்பசி 7, திங்கள்

தீபாவளி. மகன் வரவில்லை. நான்காம் படி.

ஐப்பசி 9, புதன்

இதை எழுத வேண்டும் என்று டீச்சர் பிடிவாதம் பிடிக்கிறார்.

நேற்று மத்தியானம் கனி கடைக்குப் போயிருந்தாள். நான் அரை மூட்டைக் கல்லுப்பை அமலைத் தொட்டிகளில் கொட்டினேன். இன்று காலையில் செத்தது அமலை மட்டும் இல்லை. பக்கத்துத் தொட்டிகளுக்கு அவள் குழாய் போட்டு இணைத்திருந்தது எனக்குத் தெரியாது. அல்லி, தாமரை எல்லாம் வெந்த கீரை மாதிரிக் கிடந்தன. மூன்று வருஷம் வளர்த்த வெள்ளைத் தாமரை ஒன்று உண்டு. அதைக் கையில் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, ஒங்களுக்கு இந்தச் செடி மேல என்ன பகை? சொல்லுங்க. குளம் குளம்னு சொல்லுதீய. நான் வாக்கப்பட்டு வந்து இருவத்திரெண்டு வருசம். மடைக்காரர்ம்பாவ ஒங்கள. ஒரு நாளாவது அந்தக் குளத்துல நீங்க காலு நனைச்சு நான் பாத்ததில்ல. குளிக்கதுகூட அடிபம்புல. குளத்துக்காவவா இதச் செஞ்சிய?"

டீச்சர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மருமகள் தட்டில் சோறு வைக்கிறாள். பேசுவதில்லை.

ஐப்பசி 15, செவ்வாய்

ஐந்தாம் படி. பிசானப் பருவ நடவுக்கு ஊர் ஆயத்தமாகிறது. நாற்று பாவியாயிற்று.

பழைய மடை எப்படி இருந்தது என்று டீச்சர் கேட்டார். இப்போது உள்ள மாதிரித் திருகு வைத்த ஷட்டர் கிடையாது. தண்ணீருக்கு அடியில், ஆள் உயரத்துக்கு மேல் ஆழத்தில், கல்லில் ஒரு துளை. அதில் அடைத்த மரக்கட்டையை மடைக்காரன் முங்கிப்போய்ப் பிடுங்க வேண்டும். பிடுங்கின கணத்தில் தண்ணீர் இழுக்கும். காலைக் கல்லில் உதைத்து உடனே மேலே வந்துவிட வேண்டும். இடுப்பில் கயிறு கட்டி மேலே ஓர் ஆள் பிடித்துக்கொள்வார். பதினெட்டு வயதில் முதலில் முங்கினேன். அமலை வந்த மறுவருஷமே அது மடையை அடைத்துவிட்டது.

"கடைசியா முங்குனது எப்ப?"

ஷட்டர் வந்துவிட்டது என்றேன்.

"ஷட்டர் போட்டது அறுவத்தேழு கோடையில. சங்கத்துக் கல்வெட்டுல இருக்கு. அதுக்கு முந்தி?"

இருட்டி வருகிறது, விளக்கைப் போடுங்கள் என்றேன்.

ஐப்பசி 22, செவ்வாய்

ஐந்தாம் படிக்கு மேல் நாலு விரல்.

டீச்சர் முதல் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டினார். பிறகு கேட்டார்: "அமலை வந்த மறுவருசமே மடைய அடைச்சிட்டுன்னு போன வாரம் சொன்னிய. அப்பம் மடையத் தொறந்தது யாரு?"

திறக்கவில்லை. எனக்குக் காய்ச்சல்.

"எந்த மாசம்?"

கார்த்திகை.

"அண்ணன் போனதும் அந்தக் கார்த்திகைதான்."

ஆமாம் என்றேன்.

டீச்சர், "அந்த வருசத்துக்குப் பொறவு எங்கம்மா ஆடி அமாவாசைக்கு அப்பா வழி ஆளுக எல்லாருக்கும் எல போடுவா. அண்ணனுக்குப் போட மாட்டா. தானா விழுந்து செத்தவனுக்குப் போடக்கூடாதுன்னு பெரியவங்க சொல்லிட்டாவ. என்னப் பொண்ணு பாக்க வந்தவனும் அதையேதான் கேட்டுட்டுப் போனான். ஒங்க வீட்டுல அந்தப் புத்தி உண்டாமேன்னு. மூணு பேரு அப்படி வந்து போனாவ" என்றார்.

இதையும் எழுத வேண்டுமா என்றேன்.

"நான் சொன்னத நானே எழுதிக்கிடுதேன் அண்ணாச்சி."

ஐப்பசி 24, வியாழன்

உடம்பு சரியில்லை. நீர் பார்க்கப் போகவில்லை.

ஐப்பசி 29, செவ்வாய்

ஆறாம் படி. நல்ல மழை. இன்று காலை குளக்கரையில் நடந்தபோது தென்மேற்கு மூலையில் பச்சையாக ஒன்று தெரிந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அமலை. கட்டில் அகலம் இருக்கும். நடுவில் இரண்டு பூ.

வீட்டுக்கு வந்து கனியிடம் சொன்னேன். அவள் இருபது நாளுக்குப் பிறகு வாய் திறந்தாள்: "நீங்கதான் உப்பப் போட்டு எல்லாத்தையும் கொன்னுட்டியளே. பொறவு எங்க இருந்து வரும்? ஒங்க உப்புல இருந்தா?"

அவள் சொல்வதும் நியாயம். ஆனால் ஊரில் யாரும் அப்படிக் கேட்கப் போவதில்லை. செடி வளர்க்கிறவள் வீடு என்று ஒரு வீடுதான் ஊருக்குத் தெரியும்.

டீச்சர் இன்று சீக்கிரம் எழுந்து போய்விட்டார்.

கார்த்திகை 6, செவ்வாய்

இடையில் ஒரு வாரம் எழுத்து இல்லை. இன்று காலை எட்டு மணிக்கு டீச்சர் நோட்டோடு வந்து உட்கார்ந்தார். "நடந்ததச் சொல்லுங்க. எழுதுதேன். நடுவுல நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார். முதலில் வெள்ளிக்கிழமை நடந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் நடவுக்காக ஷட்டரைத் தூக்கினார்கள். இப்போதைய மடைக்காரன் ஐகோர்ட்ராசா. என் பெரியப்பாவின் கொள்ளுப்பேரன், நாற்பது வயது இருக்கும். திறந்த கொஞ்ச நேரத்தில் மிதந்துகொண்டிருந்த அமலையைத் தண்ணீர் இழுத்து மடைவாயில் கொண்டுவந்து சொருகிவிட்டது. வேரும் தண்டுமாகப் பின்னி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வயலுக்குத் தண்ணீர் போகவில்லை. ஷட்டரை இறக்கவும் முடியவில்லை. திருகு பாதியில் நின்றுவிட்டது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சங்கத்தார் முப்பது பேர் கரையில் கூடிவிட்டார்கள்.

கனியைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள்.

"ஒன் வீட்டு அலங்காரத்துக்கு ஊரு பட்டினி கெடக்கணுமா? தொட்டியில பூ வேணும்னா பிளாஸ்டிக்குல வாங்கி வையி!" என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன் அவள் புருஷனை இழுத்துப் பேசினான். கனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மாமனார் ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தாள். என் வாய் எழும்பவில்லை. எனக்கு அது பழக்கம்.

அப்போது டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "அவளை விடுங்க. நான்தான் குளத்துல விட்டேன்" என்றார். "பொரட்டாசி கடைசியில எந்தொட்டி நெறஞ்சு போச்சு. உயிருள்ள செடியக் குப்பையில போட மனசு வரல. சாமிக்குப் போட்ட பூவக்கூடத் தண்ணியிலதான விடுதோம், அப்படி நெனச்சு விட்டுட்டேன். படிச்சவ செஞ்ச காரியமான்னு கேளுங்க. கேக்க வேண்டியதுதான்."

யாரும் கேட்கவில்லை. அவரிடம் படிக்காதவர்கள் அந்தக் கூட்டத்தில் குறைவு. தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. ஒரு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

ஐகோர்ட்ராசா சட்டையைக் கழற்றினான். "பேச்சு எதுக்கு? உள்ள போயி வேர அறுத்துட்டு வாரேன். கயித்தப் பிடிங்கல" என்று அரிவாளை வாயில் கவ்வினான். மடைப்படியில் தண்ணீருக்குள் இரண்டு படி இறங்கிவிட்டான்.

நான் எப்படிப் போனேன் என்று தெரியாது. முழங்கால் தண்ணீரில் நின்று அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன்.

"போவாதல. உள்ள போனவன் வர மாட்டான்."

"விடும் தாத்தா. ஒமக்குப் பயமாருந்தா கரையில நில்லும்."

"அமலை காலப் பிடிக்கும்ல. தண்ணி ஒரு பக்கம் இழுக்கும், அது ஒரு பக்கம் இழுக்கும். கயிறு மட்டுந்தான் மேல வரும். கொம்பையா இப்படித்தான் போனான்!"

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. டீச்சர் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஐகோர்ட்ராசா மேலே ஏறிவிட்டான். கிணற்றில் விழுந்த வாளி எடுக்கிற பாதாளக் கரண்டி நாலைந்தைக் கம்பிவடத்தில் கட்டி, டிராக்டரில் மாட்டி இழுத்தார்கள். சாயந்திரம் வரை இழுத்தார்கள். கனியும் மற்றப் பெண்களும் வந்த செடியை எல்லாம் கரைக்கு அப்பால் கொண்டுபோய்ப் பரப்பிக் காயப்போட்டார்கள். ஷட்டர் இறங்கியது. ஆள் யாரும் உள்ளே போகவில்லை.

டீச்சர் அப்போதே வீட்டுக்குப் போய்விட்டார். நாலு நாள் கதவு திறக்கவில்லை.

இனி ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வருஷத்துக்கு முந்தியது. இந்த நோட்டில் முதல் பக்கத்தில் நான் சொன்னது பொய். அடிக்க வேண்டாம், இருக்கட்டும். அதற்குக் கீழே இதை எழுதுங்கள்.

அமலையைக் குளத்தில் விட்டது நான்.

சண்டை நடந்த அந்த வருஷம் ஆவணியில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. எனக்குக் கல்யாணமாகி முதல் கொடை. என் பெண்டாட்டி வேலம்மாள் முளைப்பாரி போட்டிருந்தாள். எல்லார் பானையிலும் முளை ஒரு சாண் எழும்பி நிற்கிறது, இவள் பானையில் அழுகிவிட்டது. தண்ணீர் கூடுதலாக விட்டிருப்பாள், வேறொன்றும் இல்லை. ஆனால் புதுப்பெண் போட்ட முளை அழுகினால் ஊர் அந்தப் பெண்ணைத்தான் சொல்லும். இவள் வந்த நேரம் என்பார்கள், வயிறு திறக்காது என்பார்கள். அவள் பானையைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அப்போது காலையில் அரிசி ஆலைக்காரர் பங்களாவில் தோட்டவேலை பார்த்தேன். அங்கே கல்தொட்டியில் கல்கத்தாவிலிருந்து வந்த அமலை இருந்தது. பூவைக் கிள்ளிவிட்டு, இலையும் தண்டுமாகப் பத்துச் செடி கொண்டுவந்து பானைக்குள் சொருகினேன். நுனியில் கொஞ்சம் பக்கத்து வீட்டு முளையைச் செருகி மறைத்தேன். ஊர்வலத்தில் எல்லாப் பெண்களும், "வேலம்மா மொளையப் பாருங்கட்டி, என்ன பச்ச!" என்றார்கள். வேலம்மாள் சிரித்துக்கொண்டே கொண்டுபோய்க் குளத்தில் கரைத்தாள். மற்ற முளையெல்லாம் கரைந்தது. அது கரையவில்லை.

மறுவருஷம் கார்த்திகையில் பாதிக் குளம் பச்சை. மடையைத் திறக்கிற முறை என்னுடையது. முதல் நாள் இறங்கிப் பார்த்தேன். வேர் வந்து காலைச் சுற்றியது. காலில் விலங்கு மாட்டின மாதிரி இருந்தது. மேலே வந்துவிட்டேன். எனக்குக் காய்ச்சல் என்று, வழக்கமாகக் கயிறு பிடிக்கிற கொம்பையாவிடம் சொன்னேன். காய்ச்சல் இல்லை. பயம்.

"ஏல, ஒன் பொண்டாட்டி கையால கஷாயம் குடிச்சுட்டுப் படு. நான் முங்குதேன். கயித்த மட்டும் பிடி, அதுக்குக் காய்ச்சல் தடையில்லல்லா?" என்று கேலி பண்ணினான். விடிந்த உடனே போனோம். நாங்கள் இருவர்தான். அவன் அரிவாளோடு முங்கினான். கயிறு இரண்டு தரம் வெட்டி இழுத்தது. நான் இழுத்தேன். வரவில்லை. இன்னும் இழுத்தேன். முடிச்சு அவிழ்ந்து கயிறு மட்டும் வந்தது.

நான் உள்ளே குதிக்கவில்லை. குதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன். அதை இங்கே எழுத வேண்டாம். குதிக்கவில்லை என்பதுதான் நடந்தது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். வேலம்மாள் ஈரக்கயிற்றையும் காய்ந்த என் தலையையும் பார்த்தாள். கயிற்றை வாங்கி அடுப்பில் வைத்தாள். அது ஈரத்தில் எரிய வெகுநேரம் ஆனது. நான் போர்வைக்குள் கிடந்தேன்.

மூன்றாம் நாள் அவன் மறுகரையில் மிதந்தான். இடுப்பில் கயிறு இல்லை, கையில் அரிவாள் இல்லை. மடை வேலைக்குப் போனவன் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் மேலத்தெரு உச்சினியைப் பெண் கேட்டு அவள் வீட்டில் இல்லையென்று சொல்லியிருந்தார்கள். ஊர் அதையும் இதையும் சேர்த்துக்கொண்டது. நான் சேர்க்கவில்லை. பிரிக்கவும் இல்லை.

கொம்பையா தானாக விழவில்லை. ஊர் வேலைக்கு, என் முறைக்கு, என் செடியை அறுக்க இறங்கினான். இதை அவன் பெயர் போட்டு, என் பெயர் போட்டு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் வாசியுங்கள். நான் அங்கே நிற்பேன்.

டீச்சர் எல்லாவற்றையும் எழுதினார். ஒரு தடவை மட்டும் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தார். என்னைத் திட்டுவார் என்று இருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு கேட்டார்: "அண்ணாச்சி, இத யாருட்ட எல்லாம் சொல்லிருக்கணும் நீங்க?"

விரல் மடக்கிச் சொன்னேன். கொம்பையாவின் அப்பா. அவர் ஊருக்குக் கரண்டு வந்த வருஷம் போனார். அவன் ஆத்தாள். ஆற்று வெள்ளம் திருநெல்வேலிக் கடைத்தெருவுக்குள் வந்த வருஷம் போனாள், அவனுக்கு ஓர் இலை போடாமலே போனாள். பழி சுமந்த உச்சினி. சுனாமிக்கு மறு வருஷம் புருஷன் ஊரில் போனாள். கயிற்றை எரித்த என் வேலம்மாள் போய்ப் பதினோரு வருஷம்.

"மிச்சம்?"

மிச்சம் ஒரே ஆள் என்றேன்.

"பேரச் சொல்லுங்க. எழுதணும்லா."

பிரம்மசக்தி.